சஃபாரிக்குப் போனபோது மணியை விட்டுச் சென்ற நாய்க் காப்பகம்

"நாயையும் கூடவே அழைத்துப் போகலாமே, காரில்தானே இருக்கப் போகிறது?" என்று கேட்பவர்களுக்குக் காட்டையும் தெரியாது, நாயையும் தெரியாது. வெளியே 24 டிகிரி செல்சியஸ்தான் என்றாலும், மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 34 டிகிரி ஆகிவிடும். சஃபாரியோ மணிக்கணக்கில் நீளும். ஜீப்பிலேயே ஏற்றிக்கொள்ளலாம் என்றால், மான் வாசனை பட்டதும் என் நாய் மணி போடும் கூச்சலில் மற்ற பயணிகள் என்னைக் கீழே இறக்கிவிடுவார்கள். அப்படி இறங்கும் இடத்தில் சிறுத்தை இருக்கலாம். நாய் கிடைத்தால் அது விடாது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்கா செல்லப்பிராணிகளை அனுமதிப்பதே இல்லை. எனக்கு அதில் வருத்தமே கிடையாது.

ஆகவே மணிக்குக் காப்பகம். இங்கே எனக்கு முதலில் பிடித்தது அவர்களுடைய கறார்தான். இடம் இருக்கிறதா என்று கேட்ட உடனே தடுப்பூசி அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். ரேபிஸ் ஊசி மட்டும் போதாதாம். டிஸ்டெம்பர், பார்வோ என்ற நாய்களுக்கு வரும் வைரஸ் நோய்களுக்கான ஊசிகள் போட்ட தேதியும் வேண்டுமாம். கொண்டுபோய் விட்ட அன்று, வாசலிலேயே ஒரு பெண் மணியின் காது மடல், கால்விரல் இடுக்கு, வாலடி என்று ரோமத்தை விலக்கி விலக்கி உண்ணி தேடினார். காதுக்குள் ஒன்று அகப்பட்டது. இடுக்கியைத் தோலோடு ஒட்டவைத்துத் திருகாமல் நேராக இழுத்து எடுத்து, மூடி போட்ட டப்பாவில் போட்டார். மணி முனகக்கூட இல்லை.

இதைக் கெடுபிடி என்று சிலர் குறைப்பட்டிருக்கிறார்கள். டிஸ்டெம்பர் என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். 1994-ல் தான்சானியாவின் செரங்கெட்டியில் இருந்த சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அழித்தது இந்த நாய் நோய்தான். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோதும் இதே வைரஸ் அகப்பட்டது. என் நாய்க்கு ஊசி போட்டாயிற்று என்பதும் முழுப் பதில் ஆகாது. உண்ணிக்கு ஊசி அட்டையைப் பற்றி என்ன கவலை? அது காட்டுக்குள்ளும் போகும், காட்டிலிருந்து வீட்டுக்கும் வரும். சங்கிலியில் பிடித்தபடி நாயைக் காட்டுக்குள் அழைத்துப் போனால் போதும் என்பதும் சரியல்ல. சிட்னியை ஒட்டிய காடுகளில் நடத்தி 2007-ல் வெளியான ஆய்வொன்றில், சங்கிலியோடு நாய்கள் நடந்து போன பாதைகளில் தென்பட்ட பறவைகள் 41 சதவீதம் குறைந்திருந்தன.

தங்கும் வசதிக்கு வருகிறேன். அறை சிறியது, ஆனால் காற்றோட்டம் உண்டு. தரையில் ஈரமோ நாற்றமோ இல்லை. மணியின் பழைய போர்வையை அப்படியே துவைக்காமல் விரித்திருந்தார்கள். வீட்டு வாசனை போய்விடக் கூடாது என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. குரைக்கும் நாய்களையும் பயந்த நாய்களையும் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள். தினமும் படம் அனுப்பினார்கள். பாதிப் படங்களில் மணியின் பின்பக்கம்தான் தெரிந்தது.

குறை இரண்டு. கேட்காமலேயே வாசனை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிவிட்டார்கள்; வீட்டுக்கு வந்த மணி மறுநாள் வரை சொறிந்துகொண்டே இருந்தது. இன்னொன்று, மாலையில் சீக்கிரமே கதவைப் பூட்டிவிடுகிறார்கள். சாயங்கால சஃபாரி முடிந்து இருட்டிய பிறகு வருபவர்கள் அன்றே நாயை அழைத்துப் போக முடியாது, இன்னொரு இரவுக்கும் பணம் கட்ட வேண்டும். காலை சஃபாரிக்கு டிக்கெட் எடுங்கள். ஷாம்பு வேண்டாம் என்பதைப் படிவத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.