பிஜி டிஆர்பியா, டெட்டும் யுஜி டிஆர்பியுமா? சேலத்து ஆங்கிலப் பட்டதாரிகளுக்கு ஓர் அலசல்

எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் கையில் இருக்கிறது. சேலம் ஐந்து ரோடு பக்கம் கோச்சிங் சென்டரில் சேரப் போனால் முதல் கேள்வியே இதுதான்: எந்த பேட்ச்? ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) நடத்தும் முதுகலை ஆசிரியர் தேர்வுக்கா (பிஜி டிஆர்பி), டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறி பட்டதாரி ஆசிரியர் தேர்வுக்கா (யுஜி டிஆர்பி)? பலரும் இரண்டுக்கும் பாதிப் பாதி நேரம் என்று பிரித்துக்கொள்கிறார்கள். அது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

சம்பளத்தை வைத்து முடிவெடுக்க இதில் பெரிதாக ஒன்றுமில்லை. பிடி அசிஸ்டென்ட் எனப்படும் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது, முதுகலை ஆசிரியருக்கு 36,900. முன்னவர் 6 முதல் 10 வரை பாடம் எடுப்பார், பின்னவர் 11, 12. உண்மையான வித்தியாசம் எத்தனை படி ஏற வேண்டும் என்பதில் இருக்கிறது. 2018-ல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு, டெட் தேறினால் மட்டும் வேலை இல்லை. அதற்கு மேல் போட்டித் தேர்வு ஒன்றையும் எழுத வேண்டும். பிஜிக்கு டெட் தேவையே இல்லை, ஒரே தேர்வு. ஆனால் அந்த ஒரே தேர்வு ஆழமானது.

டெட் இரண்டாம் தாளின் கணக்கைப் பாருங்கள். 150 மதிப்பெண்ணில் உளவியல் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, மீதி 60 சமூக அறிவியல் அல்லது கணிதம்-அறிவியல். ஆங்கிலம் படித்தவர்கள் சமூக அறிவியலை எடுத்துக்கொண்டு, அந்த 60-ஐ நினைத்தே பயந்து, மாதக்கணக்கில் வரலாறும் புவியியலும் மனப்பாடம் செய்கிறார்கள். பொதுப் பிரிவுக்குத் தேவை 90. ஆங்கிலத்தில் 27, தமிழில் 24, உளவியலில் 21 எடுத்தால் 72 வந்துவிடுகிறது. பிறகு 60-க்கு 18 போதும். 6 முதல் 10 வரையான சமச்சீர் புத்தகங்களைப் பாடப் பின்பக்கக் கேள்விகளோடு இரண்டு முறை வாசித்தவருக்கு 18 எட்டாத எண் அல்ல. சறுக்குவது தமிழில்தான். செய்யுள் ஆசிரியர், இலக்கணக் குறிப்பு, புணர்ச்சி ஆகியவற்றை 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிவைத்துவிடுகிறார்கள். டெட்டில் தேறிவிட்டால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும், அதனால் அது ஒருமுறை உழைப்பு.

யுஜி டிஆர்பியில் 150 கேள்வியும் ஆங்கிலப் பாடமே. பிஜியில் பாடம் 110, கல்வியியல் (உளவியலும் இதில் அடக்கம்) 30, பொது அறிவு 10. பாட ஆழம் எப்படி மாறுகிறது என்பதற்கு ஓர் உதாரணம்: பன்மை 'எஸ்'. டெட்டில் சரியான பன்மை வடிவத்தைக் கேட்டால் முடிந்தது. யுஜி மட்டத்தில் ஒலியைத் தெரிந்திருக்க வேண்டும். 'கேட்ஸ்' என்பதில் 'ஸ்' ஒலி, 'டாக்ஸ்' என்பதில் குரல் அதிரும் ஒலி, 'ஹார்சஸ்' என்பதில் கூடுதலாக ஓர் உயிர். முந்தைய ஒலியில் குரல் அதிர்ந்தால் பன்மை ஒலியும் அதிரும். முந்தையது சீறும் ஒலியாக இருந்தால் இடையில் உயிர் நுழையும். அந்த அதிரும் ஒலிக்குத் தமிழில் எழுத்தே இல்லாததால் நம் காதுக்கு முதல் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். விரலைத் தொண்டையில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், அதிர்வு பிடிபடும். பிஜியில் இதே விஷயத்துக்கு 'அல்லோமார்ஃப்' (ஒரே உருபின் மாற்று வடிவம்) என்ற பெயரும், அது எந்தச் சூழலால் மாறுகிறது என்ற விளக்கமும் வேண்டும்.

இலக்கியத்திலும் அப்படித்தான். 'லிரிக்கல் பேலட்ஸ்' கவிதைத் தொகுப்பு வெளிவந்தது 1798 என்று எல்லோருக்கும் தெரியும். வேர்ட்ஸ்வொர்த்தின் புகழ்பெற்ற முன்னுரை 1800 பதிப்பில்தான் சேர்ந்தது. பொருத்துக வகைக் கேள்வியில் இந்த இரண்டு ஆண்டு இடைவெளி ஒரு மதிப்பெண்ணைத் தின்றுவிடும். வாங்கிய மெட்டீரியலை மட்டும் நம்பினால் இப்படிப்பட்ட இடங்களில்தான் அடி விழும்.

இரண்டு டிஆர்பி தேர்வுகளுக்கும் பொதுவான வாசல் தமிழ்த் தகுதித் தேர்வு: 30 கேள்வி, 50 மதிப்பெண், 20 எடுக்க வேண்டும். அதாவது 12 கேள்வி சரியாக இருந்தால் போதும். அது இல்லையென்றால் பாடத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். தரவரிசையில் இந்த மதிப்பெண் சேராது என்பதால் அலட்சியம் வருகிறது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் சேலத்துப் பிள்ளைகளும், ஏற்காட்டு விடுதிப் பள்ளிகளில் ஆங்கில வழியில் படித்தவர்களும் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்துக்குத் தினமும் அரை மணி நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

சரி, யாருக்கு எது? டெட் ஏற்கெனவே தேறியவர் யுஜியை முன்னால் வைக்கலாம். தேறாதவருக்கு எம்.ஏ. இருந்தால் பிஜியே முதன்மை. டெட் அறிவிப்பு வந்தபின் கடைசி எட்டு வாரத்தை மட்டும் அதற்குக் கொடுத்தால் போதும், ஏனென்றால் பிஜிக்குப் படித்த உளவியலும் ஆங்கிலமும் அப்படியே கைகொடுக்கும். பிஜியில் 75 என்பது பொதுப் பிரிவுக்கான தகுதிக் கோடு மட்டுமே. வேலையைத் தருவது தரவரிசை, எனவே மாதிரித் தேர்வில் அந்தக் கோட்டைத் தொட்டதும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

ஏற்காட்டு மலை ஊர்களில் இருப்பவர்களுக்குத் தனிக் கணக்கு. தினமும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடும், வளைவில் புத்தகம் பிடித்தால் தலைசுற்றல்தான் மிச்சம். வார இறுதியில் மாதிரித் தேர்வுக்கு மட்டும் இறங்கினால் போதும். பேருந்தில் உச்சரிப்பு ஒலிப்பதிவு கேட்கலாம். 2025-ல் பிஜி அக்டோபரில், டெட் நவம்பரில் நடந்தன. மழையும் மூடுபனியும் காப்பி அறுவடையும் சேரும் காலம் அது. வீட்டு வேலை பெருகும், மின்சாரம் போகும். ஆகவே புதிய பாடங்களை ஆகஸ்டுக்குள் முடித்துவிட்டு, மழைக்காலத்தைத் திருப்புதலுக்கு வைத்துக்கொள்வதே உசிதம்.

படிக்கத் தொடங்கும் முன் பட்டச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். பிஜிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். கம்யூனிகேடிவ் ஆங்கிலம் போன்ற பெயரில் பட்டம் வாங்கியிருந்தால், அது ஆங்கிலத்துக்கு இணை என்று சொல்லும் அரசாணையின் நகலை விண்ணப்பிக்கும் முன்பே கையில் வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு மேசைக்கு முன் நின்று தேட நேரம் இருக்காது.