சாட்ஸ்வர்த் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு: வாசிப்பு நன்று, பேச்சுக்கு இடமில்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க இடம் தேடும் பெற்றோர் பலர் விசாரிப்பதால், எங்கள் மகள் சென்ற ஆண்டு படித்த சனிக்கிழமை வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு மாரியம்மன் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு முடிகிறது. மாதக் கட்டணம் 150 ரேண்ட். ஆசிரியைகள் இருவரும் சம்பளம் வாங்காமல் கற்பிக்கிறார்கள். இதே முறையில் நடக்கும் வகுப்புகள் இந்த நகரில் பல இருப்பதால், கோயிலின் பெயரைச் சொல்லி ஒன்றை மட்டும் தனியே நிறுத்த விரும்பவில்லை.

எழுத்து கற்பிப்பதில் இவர்களுக்குக் குறை சொல்ல முடியாது. உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் தனித்தனி நிற அட்டைகளில் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்து உயிர்மெய்யைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள். வீட்டில் ஒரு தமிழ்ச் சொல்கூடக் காதில் விழாத பிள்ளையும் ஆண்டு முடிவதற்குள் கோயில் சுவரில் இருக்கும் பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறது. தேவாரம் பாடும் அழகைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் ஆங்கில எழுத்தில் அச்சிட்ட பாட்டுப் புத்தகம் இன்னும் புழக்கத்தில் இருப்பது உறுத்துகிறது. எழுத்து தெரிந்த பிள்ளைக்கு அது எதற்கு?

குறை பேச்சில் இருக்கிறது. வகுப்பு முழுவதும் ஆங்கிலத்திலேயே நடக்கிறது. "ஆன்ட்டி, தண்ணி குடிக்கப் போகட்டுமா?" என்று கேட்கக்கூட எந்தப் பிள்ளைக்கும் சொல்லித் தரவில்லை. பாடநூல் தமிழ்நாட்டுப் பழைய ஆரம்பப் பள்ளிப் புத்தகத்தின் நகல். வீட்டில் ஏற்கெனவே தமிழ் பேசும் பிள்ளைக்காக எழுதப்பட்டது. அதைக் கொண்டு பேசத் தெரியாத பிள்ளைக்குப் பாடம் நடத்தினால் மனப்பாடம்தான் மிஞ்சும். ஆண்டுவிழாவில் என் மகள் பத்துக் குறளைத் தடுமாறாமல் ஒப்பித்தாள், மேடையிலிருந்து இறங்கியதும் ஒரு பெரியவர் "எந்த ஸ்கூல்ல படிக்கிற கண்ணு?" என்று கேட்டதற்கு அவளுக்குப் பதில் வரவில்லை.

இந்த மண்ணில் தமிழ் எப்படிப் போனது என்பதை நினைத்துப் பார்த்தால், பேச்சை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது விளங்கும். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் காலம் முதல் கரும்புத் தோட்டங்களில் நிலைத்து நின்ற தமிழை எந்தச் சட்டமும் நேராகத் தடை செய்யவில்லை. தடை செய்யத் தேவையும் இருக்கவில்லை. அரசின் பணம் ஆங்கிலவழிப் பள்ளிகளுக்குப் போனது. தமிழ்ப் பள்ளிகளை நம்மவர்கள் தம் கைக்காசில் கோயில்களை அண்டி நடத்தினார்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950இன் குழுப்பகுதிச் சட்டம் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து குடும்பங்களைப் பெயர்த்து சாட்ஸ்வர்த்தின் சிறு வீடுகளில் போட்டபோது, பாட்டியும் பேரனும் ஒரே கூரையின்கீழ் இருந்த கூட்டுக் குடும்பம் கலைந்தது. 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வீட்டு மொழியாக இருந்த தமிழ், ஒரு தலைமுறைக்குள் சில ஆயிரம் பேருக்குச் சுருங்கியது. 1984இல் இந்திய வம்சாவளிப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் தமிழைப் பாடமாகக் கொண்டுவந்தபோது, அதை வகுப்பில் படித்த பெரும்பாலான பிள்ளைகளிடம் வீட்டில் தமிழில் பேச ஆள் இல்லை.

நம்மைவிடக் கொடிய கதையும் இதே நாட்டில் உண்டு. கலஹாரிப் பாலைநிலத்தில் சான் பழங்குடியினரின் மொழிகளில் ஒன்றான நூவைப் பேசியவர்கள், 1931இல் அங்கே வனவிலங்குகளுக்கான தேசியப் பூங்கா அமைக்கப்பட்ட பின் தம் நிலத்தை இழந்து பண்ணைகளிலும் ஊர்ப்புறங்களிலும் சிதறினார்கள். முதலாளிகளின் ஏளனத்துக்கு அஞ்சி அந்த மொழியை மறைத்து, டச்சு வழிவந்த ஆஃப்ரிகான்ஸ் மொழியைப் பேசினார்கள். அழிந்ததாகவே ஆய்வாளர்கள் எண்ணியிருந்த மொழியைப் பேசுவோர் சிலர் 1990களில் அடையாளம் காணப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான கத்ரினா ஈசாவ், அப்பிங்டன் ஊர் அருகில் உள்ள தம் வீட்டிலேயே பிள்ளைகளைக் கூட்டி, உடலுறுப்புகளின் பெயர், விலங்குகளின் பெயர், வாழ்த்து, பாட்டு என்று வாய்மொழியாகவே தொடங்கினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாவாலும் உதட்டாலும் சொடுக்கும் ஒலிகள் நிறைந்த அம்மொழிக்கு ஆய்வாளர்களின் துணையோடு எழுத்துமுறை அமைந்தது பிறகுதான். அந்தப் பிள்ளைகள் எல்லாரும் சரளமாகப் பேசிவிட்டார்கள் என்று நான் சொல்லவரவில்லை. வாரத்தில் சில மணி நேரம் படித்து எந்த மொழியும் வீட்டு மொழியாகிவிடாது. ஆனால் எங்கே தொடங்க வேண்டும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் ஆறாவது பிரிவில் கோய், நாமா, சான் ஆகிய பழங்குடி மொழிகளை வளர்க்கவும், தமிழ் உள்ளிட்ட சமூக மொழிகளுக்கு மதிப்பு உண்டாக்கவும் ஒரே மொழி வாரியத்துக்குக் கடமை விதித்திருக்கிறார்கள். காகிதத்தில் நமக்கு இடம் இருக்கிறது. ஆனால் இந்த மண்டபத்தின் அடுக்களையில் நடப்பதைப் பாருங்கள். இடைவேளையில் பிள்ளைகளுக்கு வடையும் தேநீரும் தரும் எண்பது வயது அம்மா ஒருவர், வடார்க்காட்டிலிருந்து வந்த தம் பாட்டியின் தமிழைச் சிறிதும் கெடாமல் வைத்திருக்கிறார். "வூட்டுல யாரு கீறாங்க?" என்று அவர் கேட்டால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல முயல்கிறார்கள். அந்த ஒரு கால்மணி நேரத்தில்தான் இங்கே உரையாடல் என்று ஒன்று நடக்கிறது. வகுப்புக்குத் திரும்பியதும், அது கொச்சை, அப்படிப் பேசக்கூடாது என்று ஆசிரியை திருத்துகிறார். நூற்றறுபது ஆண்டுகள் தாக்குப்பிடித்த தமிழைச் சென்னைத் தொலைக்காட்சித் தமிழுக்காக ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. இன்று பிள்ளைகளை வெட்கப்படவைக்கப் பண்ணை முதலாளி தேவையில்லை போலும்.

இதை நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் கொடுத்தோம். அந்த அம்மாவை வகுப்பிலேயே அமர்த்தி அரைமணி நேரம் பேசவைக்கலாம், அவர் பேச்சை ஒலிப்பதிவு செய்து வைக்கலாம் என்பது எங்கள் யோசனை. முதலாவதைப் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். இரண்டாவதற்குப் பதில் இல்லை, எனவே அவர் அனுமதியோடு நாங்களே கைப்பேசியில் பதிவுசெய்யத் தொடங்கிவிட்டோம்.

எழுத்தும் பாட்டும் போதும் என்பவர்கள் தயங்காமல் சேர்க்கலாம். கட்டணத்துக்கு மேலாகவே கிடைக்கும். பிள்ளை பேச வேண்டும் என்பவர்கள் பத்தேகால் இடைவேளைக்கு முன்பே போய் அடுக்களைப் பக்கம் உட்கார்ந்துகொள்ளுங்கள். புதிய சேர்க்கை ஜனவரியில் நடக்கும். கூழ் ஊற்றும் மாதத்தில் மண்டபம் கோயிலுக்குத் தேவைப்படுவதால் வகுப்பு அடிக்கடி தள்ளிப்போகிறது. முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.