குல்மார்க்கில் ஸ்கீ போகப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

84,500 ரூபாய். நேற்று ராத்திரிதான் ஊர் திரும்பினேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

காஷ்மீரின் குல்மார்க்கில் ஓடும் கோண்டோலாவின் (கேபிள் கார்) இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில், 3,900 மீட்டருக்கும் மேலே இறக்கிவிடும். ரோந்துக்காரர்கள் பார்த்துக்கொள்ளும் பகுதியைத் தாண்டினால் அப்புறம் நம் பாடு. 2023 பிப்ரவரி 1 அன்று அதே மலையில்தான் பனிச்சரிவில் சிக்கி இரண்டு போலந்துக்காரர்கள் இறந்தார்கள். அந்தப் பயத்தில்தான் மலிவானதைத் தேடாமல், 'சான்றிதழ் பெற்ற வழிகாட்டி, பீக்கன், புரோப், ஷவல் எல்லாம் உண்டு' என்று போட்டிருந்த ஒரு முன்பதிவுத் தளத்தில் நானும் நண்பனும் சேர்ந்து கட்டினோம். (பீக்கன் என்றால் பனியில் புதைந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க எல்லோரும் மாட்டிக்கொள்ளும் சிக்னல் கருவி; புரோப், பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி; ஷவல், தோண்டும் கருவி.)

நம்பியது ஒரு வீடியோ காலில். வழிகாட்டி என்று வந்த ஆள் பனியில் குழி வெட்டி, அடுக்கு அடுக்காக விரலால் அழுத்திக் காட்டினார். "மேலே காற்று அடித்துக் கெட்டியானது, சார். கீழே பாருங்கள், சர்க்கரை மாதிரி உதிர்கிறது. இதன்மேல் ஆள் ஏறினால் மொத்தமும் பலகையாகப் பெயர்ந்து வரும்." இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவாரா? போனை வைத்த கையோடு 84,500-ஐயும் அனுப்பினேன்.

அங்கே போனால் அவர் இல்லை. "வேறு குழுவோடு போயிருக்கிறார்" என்று இருபது வயதுப் பையன் ஒருவன் வந்தான். பீக்கனின் பேட்டரி மூடியைத் திறந்தேன்: பச்சைப் பச்சையாகக் களிம்பு. நண்பனுடையதைப் பக்கத்தில் வைத்துத் தேடச் சொன்னால் ஒரு சத்தமும் இல்லை. புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் உயிருக்கு நம்பிக்கை. அதற்கு இதை மாட்டுவதும் தாயத்து கட்டுவதும் ஒன்று.

மூன்று நாளாகப் புதுப் பனி, மேலே காற்று வேறு. இன்றைய எச்சரிக்கை என்ன என்றதற்கு, 'அபாயம் குறைவு' என்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினான். தேதி இருக்க வேண்டிய மேல் வரி வெட்டப்பட்டிருந்தது. பனிச்சரிவு எச்சரிக்கை தரும் அரசு நிறுவனமான டிஜிஆர்இ அன்று வெளியிட்டதை நானே தேடிப் பார்த்தேன். குல்மார்க் இருக்கும் பாரமுல்லா மாவட்ட உயரங்களுக்கு அபாயம் அதிகம் என்றிருந்தது.

ஏறவில்லை. பணத்தைக் கேட்டேன். "ஏறாதது உங்கள் முடிவு, சார்." பிறகு "அக்கவுண்ட்ஸில் கேட்கிறேன்." பிறகு நீல டிக் மட்டும். கடைசியில் அடுத்த சீசனுக்குப் 10 சதவீதக் கூப்பன்! 84,500-ஐ விழுங்கிவிட்டுக் கூப்பன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. வழிகாட்டியின் பெயரும் சான்றிதழும் கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள். முழுத் தொகையை முன்பே தராதீர்கள். பீக்கனை அறையிலேயே சோதியுங்கள். புதுப் பனி விழுந்த கையோடு 30 முதல் 45 டிகிரிச் சரிவுக்கு யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இதை எழுதும்போது அந்தத் தளத்திலிருந்து ஒரு மெசேஜ்: 'உங்கள் பயணத்துக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்?'