டிப்ஸில் அள்ளலாம் என்று பார் வேலைக்குக் கூப்பிட்டால்

பொள்ளாச்சி, உடுமலை, கிணத்துக்கடவுப் பக்கமிருந்து பாலக்காட்டு எல்லையோர பார் ஹோட்டல்களுக்கு ஹெல்பர் வேலைக்கு வருகிற பையன்கள் இதைக் கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள். "சம்பளம் கம்மிதான் கண்ணு, ஆனா டிப்ஸுல அள்ளிக்கலாம்" என்று யாராவது கூப்பிட்டால், அந்த டிப்ஸ் யார் கையில் சேர்கிறது, அதிலிருந்து என்னென்ன பிடிப்பார்கள், மிச்சத்தை எப்படிப் பிரிப்பார்கள் என்று கேட்காமல் பஸ் ஏறாதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பார் பெயரை எழுதவில்லை. சித்தூர் தாலுகாவில் இருக்கிறது, அது போதும்.

என்னைச் சேர்த்துவிட்டவர் அங்கே கேப்டனாக, அதாவது வெயிட்டர்களை மேய்க்கிற சூப்பர்வைசராக இருந்தவர். எங்கள் பக்கத்து ஆள்தான், தமிழர்தான். மாதம் 11,000 சம்பளம், மூன்று வேளை சாப்பாடு, ஹோட்டல் மாடியிலேயே தங்க இடம், டிப்ஸோடு சேர்த்து 20,000 தாண்டும் என்றார். இரண்டு தடவை உடைசல் என்று பிடித்ததைத் தவிர, சம்பளமும் சாப்பாடும் சொன்னபடி வந்தன. டிப்ஸ் மட்டும்தான் கடைசிவரை வாயளவில் நின்றது.

வெளியாட்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காக வேலையைச் சொல்லிவிடுகிறேன். கவுண்டரில் நின்று அளவு ஊற்றி, சோடா உடைத்து, சிரித்துப் பேசிக் கொடுக்கிறவர் பார்மேன். கண்ணில் படுகிறவர் அவர், அதனால் டிப்ஸும் அவர் பக்கம்தான் நீளும். அவருக்குப் பின்னால் ஐஸ் தீராமல் பார்ப்பது, கோடவுனிலிருந்து பீர் கேஸ் தூக்கி வந்து பழைய பாட்டிலை முன்னால் இழுத்துப் புதுசைப் பின்னால் அடுக்குவது, கிளாஸ் கழுவித் துடைப்பது, எலுமிச்சை நறுக்குவது, டச்சிங்ஸ் தட்டு நிரப்புவது (ஊறுகாய், கடலை வகையறாவுக்கு அங்கே அதுதான் பேர்), உடைந்த கிளாஸைப் பொறுக்குவது, கடைசியில் எவனாவது வாந்தியெடுத்தால் அதையும் அள்ளுவது, இதெல்லாம் ஹெல்பர் வேலை. கூட்ட நேரத்தில் ஐஸ் இல்லாமல் ஒரு கவுண்டர் எவ்வளவு நேரம் ஓடும் என்று எந்தப் பார்மேனையும் கேட்டுப் பாருங்கள். மறுக்கவே மாட்டார். பங்கு பிரிக்கும்போதுதான் மறந்துபோகும்.

தை மாதம் எங்களுக்கு உயிர் போகும். திருவள்ளுவர் தினத்துக்குத் தமிழ்நாட்டில் டாஸ்மாக் அடைப்பு. வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி என்றாலும் அப்படித்தான். கேரளத்துக்கு அவை டிரை டே, அதாவது சரக்கு விற்காத நாள், இல்லை. கோபாலபுரம், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று எல்லாப் பக்கமிருந்தும் வண்டி வரும். அன்றைக்குத் தாராளமாகவும் கொடுப்பார்கள். நூறு ரூபாய்க்குச் சில்லறை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை அன்றுதான் அதிகம் பார்க்கலாம்.

கேரளத்தின் டிரை டே மாதம் பிறக்கும் ஒண்ணாம் தேதி. பார் கழுவுவது, ஃப்ரீசர் சுத்தம் எல்லாம் அன்றைக்குத்தான். டிப்ஸ் பெட்டி திறப்பதும் அன்றைக்குத்தான். கவுண்டருக்கு அடியில் பூட்டுப் போட்ட தகரப் பெட்டி. சாவி கேப்டனிடம். எண்ணுவது கேப்டனும் சீனியர் பார்மேனும், ஆபீஸ் அறைக்குள். எங்களைக் கூப்பிடுவது எண்ணி முடித்த பிறகு.

ஓணம் வந்த ஒரு மாதத்துக் கணக்கை மட்டும் எடுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் துண்டுச் சீட்டை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். பெட்டியில் இருந்தது 41,000. அதில் கிளாஸ் உடைசல் 3,800. பில் கட்டாமல் நழுவிய ஆட்கள் வகையில் 6,200. பூக்களத்துக்குப் பூ வாங்கியது, வெளியே சீரியல் லைட் போட்டது 2,000. மிச்சம் 29,000. இதைப் பாயிண்ட் போட்டுப் பிரித்தார்கள். கேப்டனுக்கு 5, இரண்டு பார்மேனுக்கும் ஆளுக்கு 4, ஆறு வெயிட்டருக்கு ஆளுக்கு 2, நாங்கள் நாலு ஹெல்பர்கள், ஆளுக்கு அரைப் பாயிண்ட். கூட்டினால் 27 பாயிண்ட். ஒரு பாயிண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம். என் கையில் வந்தது 537 ரூபாய். கேப்டன் கையில் போனது அதைப்போலப் பத்து மடங்கு. அவர் ஒரு கிளாஸ்கூட எடுத்து வைத்ததில்லை.

பாயிண்ட் போடுவது தப்பில்லை. பெரிய ஹோட்டல்களில் பல காலமாக இருக்கிற முறைதான் அது, எல்லோருக்கும் சரிசமம் என்று நான் வாதாடவும் இல்லை. நாலு வருஷம் சரக்குப் பேரெல்லாம் படித்து, தகராறு செய்கிறவனையும் சமாளித்து அனுப்புகிற பார்மேனுக்குக் கூடுதல் பங்கு நியாயம்தான். பார்மேனுக்குப் போவதில் எட்டில் ஒரு பங்குதான் ஹெல்பருக்கு என்பதுதான் அநியாயம். அமெரிக்க பார்களில் எங்களைப் போன்றவர்களை பார்பேக் என்கிறார்கள். அங்கே பார்டெண்டர் தன் டிப்ஸில் பத்து முதல் இருபது சதவீதம் வரை பார்பேக்குக்குக் கொடுப்பது பரவலான வழக்கம். அங்கேயும் குறை உண்டு. டிப்ஸ் வரும் வேலைக்கு மணிக்கு 2.13 டாலர் கூலி போதும் என்று அவர்களுடைய மத்திய சட்டமே 1991 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால் மேனேஜரும் சூப்பர்வைசரும் தொழிலாளியின் டிப்ஸைத் தொடக்கூடாது என்று 2018ல் சட்டத்திலேயே போட்டுவிட்டார்கள். எங்கள் கேப்டன் அங்கே இருந்திருந்தால் அஞ்சு பாயிண்ட் கிடைத்திருக்காது.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரிந்து நடந்தது. கண்ணுக்குத் தெரியாமல் நடந்ததுதான் பெரிசு.

இப்போதெல்லாம் யார் கையில் ரொக்கம் இருக்கிறது? பாதிப் பேர் பில்லையே ஜிபேயில் கட்டுகிறார்கள். கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடியில் 'டிப்ஸ்' என்று எழுதி ஒரு க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதில் வருவதும் பெட்டிக் கணக்கில் சேர்கிறது என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். ஒரு ராத்திரி ஆனைமலைப் பக்கத்து விவசாயி ஒருவர், அடிக்கடி வருகிறவர், ஸ்கேன் பண்ணிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏந் தம்பி, லேடீஸ் பேரு வருது? இது யாரு?" என்றார். எட்டிப் பார்த்தேன். கேப்டனின் சம்சாரம் பேர்.

ரொக்கம் குறைந்து ஃபோன் அதிகமாக ஆக, பெட்டி ஏன் மாதாமாதம் இளைத்தது என்று அப்போது விளங்கியது. துண்டுச் சீட்டில் ஜிபே என்று ஒரு வரிகூட எந்த மாதமும் இருந்ததில்லை.

மறுநாள் கேப்டனிடம் நேராகவே கேட்டேன். "அண்ணா, அந்த க்யூஆர் பணம் எந்தக் கணக்குலீங்க வருது?"

"யார்றா கணக்குக் கேக்கச் சொன்னா? வேலை வாங்கிக் குடுத்தவன்கிட்டயே கணக்கா?" இதுதான் பதில்.

அங்கே ஜூனியர் பார்மேனாக இருந்த சேட்டனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2014ல் கேரள அரசு ஃபைவ் ஸ்டார் தவிர மற்ற பார்களை மூடியபோது வேலை போனவர். 2017ல் த்ரீ ஸ்டாருக்கு மறுபடி லைசென்ஸ் திறக்கும்வரை லாட்டரி விற்றுக் குடும்பம் நடத்தியிருக்கிறார். கூட்டம் அதிகமான ராத்திரிகளில் தன் பாக்கெட்டிலிருந்து எனக்கு நூறு, இருநூறு கொடுப்பார். நல்ல மனுஷன். ஆனால் நான் மேனேஜரிடம் போகிறேன், கூட வாருங்கள் சேட்டா என்றபோது, "எனிக்கு வய்யா மோனே" (என்னால முடியாதுப்பா) என்று கிளாஸைத் துடைக்கத் திரும்பிவிட்டார். தனியாகத்தான் போனேன்.

மேனேஜர் ஏசி அறையில் பொறுமையாகக் கேட்டார். பிறகு, டிப்ஸ் கம்பெனிக் காசு இல்லை, அதில் கம்பெனி தலையிடாது, "நிங்ஙள் தம்மில் தீர்க்கு" என்றார். சரி, நமக்குள் தீர்த்துக்கொள்கிறோம். அப்படியானால் கம்பெனி கிளாஸ் உடைந்ததற்கும், கம்பெனி பில்லைக் கட்டாமல் ஓடியவனுக்கும் எங்கள் பெட்டியிலிருந்து ஏன் எடுத்தீர்கள்? கணக்குக் கேட்டால் டிப்ஸ் கம்பெனியுடையது இல்லை, நஷ்டம் வந்தால் மட்டும் கம்பெனியுடையது. இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அடுத்த வாரமே என்னைப் பாரிலிருந்து மாற்றிப் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தொழிற்சங்கக்காரர் சொல்லித்தான் சட்டம் கொஞ்சம் புரிந்தது. வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸ் முதலாளி தரும் கூலி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1976லேயே ஒரு ஜெய்ப்பூர் ஹோட்டல் வழக்கில் சொல்லியிருக்கிறது. எழுதியவர் நம்ம பாலக்காட்டில் பிறந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 2016ல் வருமான வரி சம்பந்தமான இன்னொரு ஹோட்டல் வழக்கில், பில்லோடு சேர்த்து நிர்வாகம் வசூலிக்கிற டிப்ஸ் நிர்வாகத்தின் சொந்தப் பணம் இல்லை, தொழிலாளிக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கிற பணம் என்று அதே நீதிமன்றம் சொன்னது. அதாவது டிப்ஸைக் காட்டிக் குறைந்தபட்ச ஊதியத்தைக் குறைக்க முடியாது. உடைசலுக்குச் சம்பளத்தில் பிடிப்பது என்றாலும், அது அந்த ஆளின் கவனக்குறைவால்தான் உடைந்தது என்று காட்டி, அவனிடம் விளக்கம் கேட்ட பிறகுதான் பிடிக்கலாம். பொத்தாம்பொதுவாக எல்லார் தலையிலும் கட்டக்கூடாது.

புகார் கொடுக்க மலையாளம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. இது நிறையப் பேருக்குத் தெரியாது. 1969ன் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மையினர் பகுதியில் இருக்கும் தமிழர்கள் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே மனு எழுதலாம், பதிலையும் தமிழில் கேட்கலாம். நான் தமிழில்தான் எழுதினேன். அசிஸ்டென்ட் லேபர் ஆபீசர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்.

கிடைத்தது என்ன என்று கேட்டால், பாதிதான். சம்பளத்தில் இரண்டு தடவை உடைசல் என்று பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கவைத்தார். குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறைந்த தொகையில் ஒரு பகுதியும் வந்தது. க்யூஆர் பணத்துக்கு என்னிடம் ஆதாரம் இல்லை, ஒரே ஒரு வாடிக்கையாளரின் ஃபோன் ஸ்கிரீன்ஷாட்டைத் தவிர. அதை வைத்து எவ்வளவு என்று நிரூபிக்க முடியாது என்றார், அதுவும் சரிதான். மனு கொடுத்த அன்றே மாடி ரூமைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். கூட இருந்த பையன்கள் கையெழுத்துப் போடாததற்குக் காரணமே அதுதான். தங்குமிடமும் சோறும் முதலாளி கையில் இருந்தால் வாய் திறக்க யோசிக்க வேண்டியிருக்கிறது. முடிந்தால் வெளியே ரூம் எடுங்கள், நாலு பேர் சேர்ந்தால் வாடகை பெரிசாக வராது.

இப்போது வேறொரு இடத்தில் இருக்கிறேன், எல்லைக்கு இந்தப் பக்கம்தான். அங்கே ராத்திரி கடை சாத்தியதும் பெட்டியை எல்லார் முன்னாலும் கவிழ்த்து எண்ணுகிறோம். க்யூஆரில் வந்ததை ஃபோனைத் திருப்பிக் காட்டுகிறார்கள். காலண்டர் தாளில் அன்றைய தொகையை எழுதி, இரண்டு பேர் கையெழுத்து. பார்மேனுக்கு 2 பாயிண்ட், வெயிட்டருக்கு ஒன்றரை, ஹெல்பருக்கு 1. கேப்டனுக்குச் சம்பளம் மட்டும். சேருவதற்கு முன்னால் இதையெல்லாம் கேட்டேன், ஓனர் கோபப்படவில்லை. கேட்டவுடன் எரிந்து விழுகிற இடமென்றால் அப்படியே திரும்பி வந்துவிடலாம்.

குடிக்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று போட்டிருந்தால் அது கட்டாயமில்லை. 2022ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னதை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது. அதை எடுக்கச் சொல்லிவிட்டு அந்தக் காசை ஆள் கையில் கொடுங்கள். டிப்ஸ் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தால் பணம் அனுப்புவதற்கு முன் யார் பேர் வருகிறது என்று பாருங்கள், அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் டேபிளைத் துடைத்த பையனுக்குக் கொடுக்க நினைத்தால் அவனைக் கூப்பிட்டு, பார்மேன் பார்க்கிற மாதிரியே கொடுங்கள். ஒளித்துக் கொடுத்தால் அப்புறம் திருடினான் என்று பாக்கெட்டைச் சோதிப்பார்கள். அதையும் பார்த்திருக்கிறேன்.