நாயும் பூனையுமாகச் சேலத்தில் வீடு தேடினால்: பிளாட்டா, மாடி போர்ஷனா, தனி வீடா, மலைமேலா?

சென்னையிலிருந்து சேலத்துக்கு மாற்றல் வந்தபோது வேலையைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை, பொரியைப் பற்றித்தான் கவலை. பொரி 16 கிலோ நாட்டு நாய், பெண், வெள்ளை உடம்பில் அங்கங்கே பழுப்புத் தீற்றல். கூடவே அவல் என்று ஒரு பூனை. சேலத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒரு நண்பர், அவர் வீட்டு முன்னறையில் மூன்று பேரும் ஒண்டிக்கொண்டு ஒன்றரை மாதம் வீடு தேடினோம். அந்த அலைச்சலில் நான்கு வகை வீடுகளை உள்ளே போய்ப் பார்த்தேன், நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று இதை எழுதுகிறேன். எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

வீடு தேடுகிறேன் என்றால் எல்லோரும் ஏரியாவைத்தான் கேட்கிறார்கள். பேர்லேண்ட்ஸா, சூரமங்கலமா, அம்மாபேட்டையா, கன்னங்குறிச்சியா என்று. வளர்ப்புப் பிராணி இருந்தால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: வீட்டுக்காரர் ராத்திரி எங்கே படுக்கிறார்? அதே காம்பவுண்டிலா, பக்கத்துத் தெருவிலா, பெங்களூரிலா? மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பெங்களூரில் படுப்பவர் போனில் சட்டென்று 'சரி' சொல்லிவிடுவார், அதனால் அவருக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. கீழ்வீட்டில் படுப்பவரிடம் ஒரு 'சரி' வாங்குவதற்குள் நமக்கு நாக்குத் தள்ளிவிடும். ஆனால் எந்த 'சரி' மூன்றாம் மாதமும் நிற்கிறது என்று பார்த்தால் கணக்கு தலைகீழ்.

முதலில் பிளாட். பேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் இரண்டு படுக்கையறை பிளாட்டுக்கு எனக்குச் சொன்ன வாடகை 15,000-லிருந்து 18,000 வரை. ஓனர் பெரும்பாலும் ஊரில் இல்லை, புரோக்கர்தான் சாவியோடு வருவார். "நாயா சார்? அதெல்லாம் பேசிக்கலாம்" என்பார். இந்தப் 'பேசிக்கலாம்' என்றால் இன்னும் யாரும் பேசவில்லை என்று அர்த்தம், இதைப் புரிந்துகொள்ள நான் 5,000 ரூபாய் டோக்கன் கொடுக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் போன். சங்கச் செயலாளர் கூடாது என்கிறாராம், லிப்டில் நாய் ஏறக் கூடாது என்று போன வருஷமே தீர்மானம் போட்டிருக்கிறார்களாம். டோக்கன் திரும்பி வர இரண்டு வாரம் ஆனது.

சட்டம் என்ன சொல்கிறது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் வளர்ப்புப் பிராணிகளைத் தடை செய்ய முடியாது, லிப்டையும் மறுக்கக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது பேசுவது சங்கத்தோடுதான். தன் வீட்டை நாய் வைத்திருப்பவருக்கு விடமாட்டேன் என்று ஓனரே சொல்லிவிட்டால், அந்தக் காகிதத்தை நீட்டி நாம் குடிபோக முடியாது. சொந்தமாக பிளாட் வாங்கியவருக்கு அது நல்ல ஆயுதம். வாடகைக்கு வருபவர் கையில் அது வெறும் ஜெராக்ஸ். பூனை மட்டும் என்றால் பிளாட் மோசமில்லை, பால்கனிக்கு வலை அடித்துவிட்டால் வெளியே யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. நாய்க்கு, அதுவும் மூன்றாவது மாடியில், காலை ஐந்தரைக்கும் ராத்திரி பத்துக்கும் லிப்டில் யார் நிற்கிறார்களோ என்ற பதற்றத்தோடு இறங்கி ஏறுவது எனக்குச் சரிப்படாது.

அடுத்தது மாடி போர்ஷன், கீழே வீட்டுக்காரர். சூரமங்கலம், ஜங்ஷன் பக்கம் 8,000, 9,000-க்கே கிடைக்கிறது. நான் அதிகம் அடிபட்டது இங்கேதான். பதினோரு வீட்டில் "ஆகாதுங்க". சிலர் கேட்டைத் திறக்காமலே சொன்னார்கள். ஒரு பெரியவர் மட்டும் உட்காரவைத்து மோர் கொடுத்து, "ஆகாதுங்க தம்பி" என்றார். காரணம் கேட்டால் முடி, நாற்றம், துளசி மாடம், வாசல் கோலம், பேரன் பேத்தி என்று வரிசையாக வரும். இதில் எதையும் அற்பம் என்று தள்ள முடியாது. மாடிப்படி அவர் வாசல் வழியாகத்தான் இறங்குகிறது, அவசரத்தில் நாய் கோலத்தின் மேலேயே போய்விட்டால் துடைக்கப்போவது நாமா அவரா?

பன்னிரண்டாவது வீட்டு அம்மா கேட்ட கேள்வி வேறு மாதிரி இருந்தது. "நீ ஆபீசுக்குப் போனதுக்கு அப்புறம் அது என்ன பண்ணும் கண்ணு?" ராத்திரி குரைக்குமா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள், இதை ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்கு விடை தெரியவில்லை. நான் இல்லாதபோது அது என்ன செய்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் நண்பர் வீட்டில் பழைய போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் வெளியே போனேன். திரும்பி வந்து கேட்டால் முதல் 12 நிமிஷம் கதவடியில் முனகல், அப்புறம் நகம் தரையில் டக் டக் என்று இரண்டு சுற்று, அப்புறம் ஒரு பெருமூச்சு, தூக்கம். குரைப்பு ஒன்றே ஒன்று, காய்கறி வண்டி ஸ்பீக்கர் கத்தியபோது. அதை அப்படியே அந்த அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "நகச் சத்தம்தான் கீழ கேக்கும்" என்றார். மொசைக் தரை, அவர் படுக்கையறைக்கு நேர் மேலே என் கூடம். தேங்காய் நார் விரிப்பு போடுகிறேன், பதினைந்து நாளைக்கு ஒருதரம் நகம் வெட்டுகிறேன் என்றேன். ஒரு மாசம் பார்க்கலாம், சரிவரவில்லை என்றால் மனஸ்தாபம் இல்லாமல் காலி பண்ணிவிட வேண்டும் என்றார். அவர் கேட்டது நியாயமாகவே பட்டது.

இந்த வகையின் நல்லது இதுதான். வீட்டுக்காரர் தினமும் நாயைப் பார்க்கிறார். பக்கத்து வீட்டிலிருந்து புகார் வந்தால், நேற்று குரைத்தது பொரியா தெருநாயா என்று அவருக்கே தெரியும். பெங்களூர் ஓனருக்குப் புகார் மட்டும்தான் போய்ச் சேரும். கெட்டது, மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் போர்ஷன் ஏப்ரல், மே மாதங்களில் அடுப்பு மாதிரி. சேலம் 40 டிகிரியைத் தொடும் ஊர், சுற்றிலும் மலை வேறு. மதியத்தில் நாயை மேலே பூட்டிவிட்டுப் போகிறவர், மேல்தளத்துக்கு வெள்ளைக் குளிர்ச்சி பெயின்ட் அடித்திருக்கிறதா, குறுக்குக் காற்று வருகிறதா என்று மதியம் இரண்டு மணிக்குப் போய் நின்று பார்க்க வேண்டும். காலையில் பார்த்தால் எல்லா வீடும் ஜில்லென்றுதான் இருக்கும்.

இடையில் அம்மாபேட்டையில் ஒரு போர்ஷன் பார்த்தேன். பக்கத்திலேயே விசைத்தறிக் கூடம், பகல் முழுக்கச் சத்தம். இங்கே நாய் குரைத்தால் யாருக்குக் கேட்கப் போகிறது என்று சந்தோஷப்பட்டேன். வீட்டுக்காரர் பட்டு நெசவாளர், நாய்க்குச் சரி என்றவர் பூனை என்றதும் எழுந்துவிட்டார். "பாவு மேல நகம் பட்டா போச்சுங்க." கீழே குழித்தறியில் பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஏற்றி வைத்திருந்தார். அவல் என்னவெல்லாம் செய்யும் என்று எனக்குத் தெரியும், மறுபேச்சு பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். குகை என்கிற ஏரியாவில் பார்த்தது நல்ல வீடுதான், ஆனால் ஆடியில் அந்தப் பக்கம் மாரியம்மன் பண்டிகை, வண்டி வேடிக்கை, மேளம், வாணவேடிக்கை என்று ஊரே திரளும். எனக்குப் பிடிக்கும். வெடிச் சத்தத்துக்குக் கட்டிலடியில் போய் நடுங்குகிற நாய்க்கு அந்த வாரம் நரகம்.

மூன்றாவது தனி வீடு. கன்னங்குறிச்சி, கோரிமேடு, இன்னும் தள்ளி ஏற்காடு அடிவாரம் போகிற வழி. சுற்றிலும் காலி இடம், வேப்பமரம், வாடகை 11,000, ஓனர் வெளியூர், போனில் இரண்டே நிமிஷத்தில் சம்மதம். நாய் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இப்படி ஒரு வீட்டைத்தான் கனவு காண்கிறார்கள். நானும் கண்டேன், மூக்கனேரிக் கரையில் பொரியோடு நடப்பதாகவும் சேர்த்தே கண்டேன். நேரில் போனதும் கண்ணில் பட்டது கேட்டின் அடியில் ஒரு சாண் இடைவெளி. பொரி அதில் வழுக்கிக்கொண்டு போய்விடும். சுற்றுச்சுவர் இடுப்பளவு. பின்பக்கம் புதர், பாம்பு உண்டா என்று கேட்டதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். காலையில் மயில்கள் இறங்கி வந்து மேய்கின்றன. பார்க்க அழகுதான், ஆனால் மயில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் உள்ள பாதுகாக்கப்பட்ட பறவை, நம் நாய் ஒன்றைக் கவ்விவிட்டால் விஷயம் வனத்துறை வரை போகும். எல்லாவற்றுக்கும் மேலாக நான் வேலைக்குப் போவது காலை ஒன்பதுக்கு, திரும்புவது ஏழுக்கு. பத்து மணி நேரம் காலி இடத்தில் தனியாக நிற்கும் நாய்க்கு வேலை ஒன்றுதான், போகிற வருகிற எல்லாரையும் பார்த்துக் குரைப்பது. வீட்டில் பகலில் ஆள் இருக்கிற குடும்பம், இரண்டு நாய், அல்லது ராஜபாளையம் மாதிரி பெரிய ஜாதி என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுங்கள், கேட்டுக்குத் தகரம் அடிக்கும் செலவை வாடகையில் கழிக்கச் சொல்லுங்கள். தனி ஆளுக்கு வேண்டாம்.

நான்காவது ஏற்காடு. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் சிலர் மலைமேல் குடியேறுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். 1,500 மீட்டர் உயரம், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக், கீழே காப்பிச் செடி, வெயில் தொல்லை அறவே இல்லை. பொரி 20 கொண்டை ஊசி வளைவில் ஒன்பதாவதிலேயே வாந்தி எடுத்துவிட்டது, அது வேறு கதை. சிக்கல் என்னவென்றால், நாய்க்கு முகம் சுளிக்காதவர்கள்கூட மாத வாடகைக்கு முகம் சுளிக்கிறார்கள். வார இறுதிக்கு வருகிற சுற்றுலாக்காரரிடம் இரண்டு நாளில் வாங்குவதை நம்மிடம் மாதம் முழுக்கக் காத்திருந்து ஏன் வாங்க வேண்டும்? கிடைத்த ஒரு எஸ்டேட் வீடும் பதினோரு மாதத்துக்கு, ஆனால் மே மாதம் மட்டும் காலி பண்ணித் தர வேண்டுமாம். கோடை விழா சீசன் அல்லவா. மழைக்காலத்தில் அட்டை காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் ஏறும், சாயங்காலத்தில் காட்டெருமை தோட்டத்துக்குள்ளேயே நிற்கும், அதைப் பார்த்து நாய் வீரம் காட்டினால் நாய்தான் பாவம். ராத்திரி ஏதாவது ஒன்று என்றால் டாக்டரைத் தேடி அத்தனை வளைவையும் இறங்கித்தான் சேலம் வர வேண்டும். வயசான நாயோ, ஏற்கெனவே உண்ணிக் காய்ச்சல் வந்து தேறிய நாயோ இருந்தால் மலையை மறந்துவிடுங்கள்.

பணம், பத்திரம் பற்றி. 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. என்னிடம் கேட்டது ஆறு மாதம். நான்கில் முடித்தேன். அந்த ஒரு மாதம் நாய்க்காக நானே மனசறிந்து கூடக் கொடுத்தது, பத்திரத்திலும் அப்படியே இருக்கிறது: "ஒரு நாய், ஒரு பூனை வளர்க்க உரிமையாளர் சம்மதிக்கிறார், பிராணிகளால் ஏற்படும் சேதம் மட்டும் அட்வான்ஸில் கழிக்கப்படும்." அந்த 'மட்டும்' முக்கியம், இல்லையென்றால் காலி செய்யும்போது வீடு முழுக்க பெயின்ட் அடித்த செலவும் நாய் தலையில் விழும். வெறிநாய்த் தடுப்பூசி அட்டையின் நகலையும் பத்திரத்தோடு பின் அடித்துக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, ஆனால் வருஷா வருஷம் போடுகிற ஊசி, கொடுத்தால் நமக்கு என்ன நஷ்டம்?

நேரம் பற்றியும் ஒன்று. ஆடியில் இங்கே யாரும் வீடு மாற மாட்டார்கள், அதனால் ஆனி கடைசியில் காலியான வீடுகள் டு-லெட் போர்டோடு ஒரு மாதம் சும்மா கிடக்கும். சாதாரண நாளில் "நாயா?" என்று கேட்டைச் சாத்துகிறவர்கூட அப்போது கொஞ்சம் நின்று பேசுகிறார். ஆடி வாடகையையும் சேர்த்துத் தருகிறேன், பால் காய்ச்சுவது ஆவணியில் என்று சொல்லித்தான் நானே அந்த அம்மாவிடம் முடித்தேன்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. கூடத்துக் கதவின் உள்பக்கம், கீழே, நான்கு நகக்கீறல். முதல் வாரத்துப் பன்னிரண்டு நிமிஷ முனகலின்போது போட்டவை. தச்சரிடம் கேட்டேன், தேய்த்து வார்னிஷ் அடிக்க 600 ரூபாயாம். அந்த அம்மாவிடம் சொன்னதற்கு, "இப்பவே எதுக்கு, இன்னும் கீறும் இரு" என்றார்.