வரியை ஏற்றுவதா, சலுகையை வெட்டுவதா?

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியதிலிருந்து விசைத்தறி ஊரான எங்கள் சோமனூர் டீக்கடையில் ஒரே வாக்குவாதம்தான். மாதம் 1,000 ரூபாய்க்குப் பணம் எங்கிருந்து வர வேண்டும்?

வரியை ஏற்று என்பது ஒரு தரப்பு. ஆனால் 2017-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலத்தின் கையில் மிச்சம் கொஞ்சம்தான்: பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு, வாகன வரி. டீசலில் கை வைத்தால் தறிக்குப் பாவு நூல் ஏற்றி வரும் டெம்போ வாடகையில் வந்து நிற்கும். மது வரியோ, வாரக்கூலி வாங்கிய கையோடு டாஸ்மாக் போகிறவர் தன் வீட்டுக்காரம்மாவின் 1,000 ரூபாயைத் தானே கட்டுவது மாதிரி.

வெட்டு என்பவர்கள் கைகாட்டுவது இலவச மின்சாரத்தை. அதை இங்கே சத்தமாகச் சொல்ல முடியாது. 1970-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்த பெருமாநல்லூர் பக்கத்தில்தான் இருக்கிறது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். அதை நிறுத்தினால் கூலிக்கு நெய்கிறவர் தறியை எடைக்குப் போட வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால் வரிதான். பைபாஸ் ஓரத் தென்னந்தோப்பை சைட் போட்டு விற்பவரிடம் பத்திரத்தில் கொஞ்சம் கூட வாங்கலாம். “அதுவும் வாங்கறவன் தலையிலதானுங்க விடியும்” என்றார் பக்கத்து பெஞ்சுக்காரர். அதற்கு என்னிடம் பதில் இல்லை.