கூட்டுறவா, கம்பெனியா? வெளிநாட்டு ஃபிலிப்பினோக்களின் ஊர்த்தொழிலுக்கு

ஹாங்காங்கிலோ மிலானிலோ வேலை செய்யும் ஃபிலிப்பினோக்கள் சேமிப்பைத் திரட்டி ஊரில் அரிசி ஆலை தொடங்கினால், அதை எந்த வடிவில் பதிவது?

2009இல் வந்த ஃபிலிப்பைன்ஸ் கூட்டுறவுச் சட்டம் 9520இன்படி கூட்டுறவுக்குக் குறைந்தது 15 பேர் வேண்டும். செலுத்திய மூலதனம் 15,000 பேசோவுக்குக் குறையக் கூடாது. ஒருவருக்கு ஒரே வாக்கு. பங்கு மூலதனத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் ஒரு உறுப்பினர் வைத்திருக்க முடியாது. கூடுதல் பணம் போட்டவர் சிறியவரை அமுக்க வழியில்லை என்பதால் எங்களுக்குப் பிடித்த வடிவம் இதுதான்.

ஆனால் பலர் தடுக்கி விழும் இடமும் இங்கேதான் இருக்கிறது. நிறுவும் 15 பேரும் ஃபிலிப்பைன்ஸ் குடிமக்களாக, சங்கம் இயங்கும் பகுதியில் வசிப்பவர்களாகவோ வேலை செய்பவர்களாகவோ இருக்க வேண்டும். மிலானில் இருப்பவரின் பெயரை எழுதினால் பதிவு மனு சிக்கலாகும். ஊரிலுள்ள மனைவி, அண்ணன், தங்கை நிறுவனர்களாகட்டும். உறுப்பினராகும் முன் பெற வேண்டிய பயிற்சியையும் அவர்கள் முடித்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணம் ஊரிலுள்ள உறுப்பினருக்குக் கடனா, நன்கொடையா என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதாத பணம்தான் பிறகு குடும்பத்தைப் பிரிக்கிறது.

2019இன் திருத்திய கம்பெனிச் சட்டம் தொலைவில் இருப்பவருக்கு எளிது. வெளிநாட்டில் இருந்தபடியே பங்கு வாங்கலாம். கம்பெனியின் உள்நடைமுறையை வகுக்கும் துணைவிதி அனுமதித்தால் இணையவழி வாக்களிக்கலாம். ஆனால் வாக்கு பங்குக்கு ஏற்ப. சமூக நோக்கத்தையும் இலாபப் பங்கீட்டு வரம்பையும் பதிவுப் பத்திரத்திலேயே எழுதாவிட்டால், பெரும்பங்குக்காரர் ஆலையைத் தன் விருப்பப்படி நடத்துவார்.